பூசத்துக்கு அப்புறம் ஏறும் காவடி

எங்கள் ஆயாவுக்குக் கடைசிக் காலத்தில் நினைவு தப்பிவிட்டது என்று வீட்டில் எல்லோரும் நம்பினோம். அப்படி நம்பியதற்கு ஒரு காரணம், தைப்பூசம் வரும்போதெல்லாம் அவர் சொன்ன ஒரு பேச்சு. "பூசத்துக்கா கெளம்பிட்டீங்க? எங்க ஊருக் காவடி பூசம் முடிஞ்சுதான் மலையேறும். அன்னிக்கு ராத்திரி மலையிலயே படுத்துக்குவோம்."

பூசம் முடிந்த பிறகு என்ன காவடி? கிள்ளானில் பிறந்து வளர்ந்த எங்களுக்குத் தைப்பூசம் என்றால் ஓர் இரவும் ஒரு பகலும்தான். முதல்நாள் இரவு கோலாலம்பூர் மகா மாரியம்மன் கோயிலிலிருந்து வெள்ளி ரதம் புறப்படும். விடிவதற்குள் பத்துமலை அடிவாரத்தில் தலைகளைத் தவிர வேறெதுவும் தெரியாது. மறுநாள் மாலைக்குள் பெரும்பாலோர் வீடு திரும்பிவிடுவார்கள். அதற்குப் பிறகு யாரும் காவடி எடுத்து நாங்கள் பார்த்ததில்லை. மலையில் இரவு படுத்துக்கொண்டதும் இல்லை. "சரி ஆயா" என்று சொல்லிவிட்டு லாரியைப் பிடிக்க ஓடுவோம்.

ஆயா சேலத்துப் பக்கத்தவர். ஊரைக் கேட்டால் "எடப்பாடிப் பக்கம்" என்பார். பதினொரு வயதில் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறி, அப்போது போர்ட் சுவெட்டன்ஹாம் என்று பெயர் கொண்டிருந்த இன்றைய கிள்ளான் துறைமுகத்தில் இறங்கியவர். கிள்ளானுக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்தில் நாற்பது வருடம் பால் வெட்டினார். அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை கிடைத்ததும் லயத்தை விட்டு எங்களோடு பட்டணத்துக்கு வந்தார். எழுத்து தெரியாது. ஆனால் தைப்பூச விஷயத்தில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. மாலை போட்ட நாளிலிருந்து யார் எதைத் தொடலாம், எந்தப் பாத்திரத்தில் சமைக்கலாம், தலையணை வைத்துப் படுக்கலாமா கூடாதா என்பதெல்லாம் அவர் வாயிலிருந்துதான் வரும்.

பத்துமலைக்குப் பெயர் வந்த கதையையும் அவர்தான் சொன்னார். இந்தியாவில் ஆறுபடை வீடு, மலாயாவில் பினாங்குத் தண்ணீர்மலை, ஈப்போ கல்லுமலை, மலாக்கா சன்னாசிமலை என்று மூன்று, ஆக ஒன்பது. பத்தாவது இது, அதனால் பத்துமலை. மலாயில் 'பத்து' என்றால் கல் என்பதும், மலையடியில் ஓடும் பத்து ஆற்றின் பெயரே மலைக்கு வந்தது என்பதும் பள்ளிக்குப் போன பிறகு தெரிந்தது. ஆனாலும் ஆயாவின் கணக்கை நான் விட்டுக்கொடுத்ததில்லை. கடல் கடந்து வந்தவர்கள் தங்கள் தெய்வத்தின் வீடுகளைத் தொடர்ந்து எண்ணிக்கொண்டே வந்திருக்கிறார்கள் அல்லவா? 1891இல் தம்புசாமிப் பிள்ளை அந்தக் குகையில் முருகனுக்குக் கோயில் கண்டார். மறுவருடமே அங்கே தைப்பூசம் தொடங்கிவிட்டது. எண்ணிக்கை நின்றுவிடாமல் பார்த்துக்கொண்டவர்கள் அவர்கள்.

1991இல் என் அண்ணன் அலகுக் காவடி எடுத்தான். அதிகாலை மூன்று மணிக்கு ஆற்றங்கரையில் அவனை உட்கார வைத்தார்கள். சாம்பிராணிப் புகையில் கண் எரிந்தது. உறுமி பக்கத்தில் முழங்கியபோது என் நெஞ்செலும்பு அதிர்ந்தது. அலகு குத்துபவர் வெள்ளை வேட்டி கட்டிய, அதிகம் பேசாத மனிதர். அண்ணன் முதுகில் விபூதியை அள்ளித் தேய்த்து, தோலை இரண்டு விரலால் கிள்ளித் தூக்கி, எலுமிச்சம்பழம் தொங்கிய கொக்கியை மாட்டினார். ஒவ்வொரு கொக்கிக்கும் சுற்றியிருந்தவர்கள் "வேல் வேல்" என்றார்கள். அண்ணன் கண் இமைக்கவில்லை. அவன் பார்வை எங்கோ ஓரிடத்தில் நிலைத்திருந்தது. 272 படிகளையும் ஏறி, குகைக்குள் போய்ப் பால் செலுத்தி, அலகை எடுத்துத் திருநீறு அப்பிய பிறகுதான் "அம்மா, தண்ணி" என்று கேட்டான். அம்மா அழுதுவிட்டார்.

ஆயா இருந்தவரை, பூசம் கழிந்த மூன்றாம் நாள் வீட்டில் இடும்பன் பூசை நடக்கும். தலைவாழை இலையில் கோழிக் கறி, முட்டை, சுருட்டு எல்லாம் வைத்து ஆயாதான் படைப்பார். வேறு யாரையும் விடமாட்டார். அகத்தியருக்காகச் சிவகிரி, சக்திகிரி என்ற இரண்டு மலைகளைத் தண்டில் கட்டித் தோளில் சுமந்து வந்தவன் இடும்பன். ஆவினன்குடிக்கு அருகே இளைப்பாற இறக்கி வைத்தவை மறுபடி தூக்க வரவில்லை. மேலே ஒரு சிறுவன் கோவணத்தோடு நின்று, இது என் மலை என்றான். "மொதக் காவடிக்காரன் அவன்தான்டி, அவனுக்குச் சோறு போடாம நோன்பு முடியாது" என்பார் ஆயா.

இதற்கு நேர்மாறான ஒரு முருகனையும் எனக்குத் தெரியும். பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸில் அத்தை வீடு. பள்ளி விடுமுறைக்கு அங்கே போனால் ஸ்காட் சாலைக் கந்தசுவாமி கோயிலுக்குக் கூட்டிப் போவார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத் தமிழர்கள் நல்லூரை மனத்தில் வைத்துக் கட்டிய கோயில் அது. பூசை மணி பிசகாது. சத்தம் கிடையாது. தோட்டத்து மாரியம்மன் கோயிலில் சாமி வந்து ஆடுபவர்களைப் பார்த்துப் பழகிய எனக்கு அந்த அமைதி முதலில் பயமாக இருந்தது. அங்கே தினமும் வரும் ஒரு முதியவரிடம் ஒருநாள் அண்ணன் அலகு குத்திக்கொண்டதைச் சொன்னேன். முகம் சுளிப்பார் என்று நினைத்தேன். "பிள்ளை, அது புதுசில்லை. எங்கட ஊரில செடில் காவடி எண்டு சொல்லுவம்" என்றார். செடில் என்ற சொல்லை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

பிறகு மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையில் முதுகலை படிக்கச் சேர்ந்தபோது அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு போனேன். முதுகில் கொக்கி மாட்டிச் சுழலும் செடிலாட்டம் தமிழ்நாட்டுக் கிராமக் கோயில்களில் ஒரு காலத்தில் பரவலாக இருந்திருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் மதராஸ் மாகாண அதிகாரிகள் அதை அடக்கப் பார்த்திருக்கிறார்கள். அங்கே அடங்கியது கடல் கடந்த இடங்களில் அடங்காமல் இருந்திருக்கிறது. மலேசியக் காவடி மலேசியாவில் முளைத்த வேடிக்கை என்று நகரத்தில் படித்தவர்கள் சொல்லக் கேட்டு எனக்குள் இருந்த கூச்சம் நூலகத்தில் அந்தப் பக்கங்களைப் படித்த பிற்பகலில் போனது.

என் பேராசிரியர் அதோடு விடவில்லை. "பழனிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுது. நடந்து போ. பஸ்ஸில் போனால் கோயிலைத்தான் பார்ப்பாய்" என்றார்.

1996 தை மாதம். சுபாங் விமான நிலையத்தில் அம்மா கண்ணீரோடுதான் வழியனுப்பினார். தனியாகப் போகிறேனே என்று அல்ல, பத்துமலையில் பூசத்தன்று நான் இருக்க மாட்டேனே என்று. ஆயா அதற்கு ஏழு வருடம் முன்பே காலமாகியிருந்தார்.

திண்டுக்கல்லில் ஒரு ஜவுளிக்கடையில் பச்சைச் சேலை வாங்கினேன். மஞ்சள்தான் முருகன் நிறம் என்று இருந்த எனக்கு, பழனிச் சாலை முழுவதும் பச்சையாக நடந்தது ஆச்சரியமாக இருந்தது. காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்திலிருந்து குன்றக்குடி, சிங்கம்புணரி, நத்தம் வழியாக நாள் கணக்கில் நடந்து வந்த கூட்டம் அது. நெற்குப்பைக் குமரப்பன் என்ற உப்பு வியாபாரி பழனியாண்டவரையே தன் வியாபாரத்தில் பங்காளியாக வைத்துக்கொண்டு தொடங்கிய நடை என்று நகரத்தார் வழிவழியாகச் சொல்கிறார்கள். அவர்கள் வட்டிக்கடை வைத்த ஊரிலெல்லாம் தண்டாயுதபாணிக்குக் கோயில் எழுந்தது. எங்கள் செந்தூல் கோயிலும் அப்படி வந்ததுதான். தண்டத்தோடு நிற்கும் பழனிச் சாமியின் பெயரை அவர்கள் கடல்தாண்டிச் சுமந்திருக்கிறார்கள்.

ஒரு பெண்கள் குழு என்னைச் சேர்த்துக்கொண்டது. "மலேசியாவா? எங்க மாமாகூட அங்கெதான் இருந்தாக" என்றார் ஒரு அப்பத்தா. அவ்வளவுதான் விசாரணை. அதற்குப் பிறகு என் பையை யார் சுமக்கிறார்கள் என்பதே எனக்குத் தெரியவில்லை.

திண்டுக்கல்லிலிருந்து பழனி அறுபது கிலோமீட்டர் இருக்கும். முதல் நாள் மாலைக்குள் இரண்டு குதிகாலிலும் கொப்புளம். தார்ச்சாலையின் சூடு பற்றி நான் படித்த நூல் எதிலும் ஒரு வரி இல்லை. அன்றிரவு ஒரு பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் படுத்தோம். அப்பத்தா என் காலை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, ஊசியில் வெள்ளை நூல் கோத்து, கொப்புளத்தின் ஒரு பக்கம் குத்தி மறுபக்கம் எடுத்தார். நூலை உள்ளேயே விட்டு இரண்டு முனையையும் வெட்டினார். "தோலை உரிச்சிராத ஆத்தா. தண்ணி நூல் வழியா வடிஞ்சிரும். காலையில நடக்கலாம்." வடிந்தது. நடந்தேன். வழியெல்லாம் முன்பின் அறியாதவர்கள் மோரும் பானகமும் சுக்குக் காப்பியும் நீட்டினார்கள். ஓரிடத்தில் கல்லூரிப் பையன்கள் வரிசையாக உட்கார்ந்து நடப்பவர்களின் காலுக்குத் தைலம் தேய்த்தார்கள். என் வயதுப் பையன் ஒருவன் தலை குனிந்து என் பாதத்தைப் பிடித்தபோது காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தேன். "இழுக்காதீங்க. நீங்க யாரோ இல்ல, நடந்து வர்ற சாமி" என்றான்.

மூன்றாம் நாள் விடியலில் தூரத்தில் மலை தெரிந்தது. முன்னால் போன பெண்கள் சாலையோரத்து மண்ணில் அப்படியே விழுந்து கும்பிட்டார்கள். அரோகராச் சத்தம் பின்னாலிருந்து அலை அலையாக வந்தது. நக்கீரர் திருமுருகாற்றுப்படையில் மூன்றாவதாக வைத்த ஆவினன்குடியும், அருணகிரிநாதர் திரும்பத் திரும்ப வந்து பாடிய மலையும் இதுதான் என்று என் குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தேன். அந்த நேரத்தில் அது ஒன்றும் மனத்தில் இல்லை. கால் வலியும், அந்த வலியை மீறி நெஞ்சில் ஒரு நிறைவும் மட்டும்தான்.

பழனியில் தைப்பூசக் கொடி ஊருக்குள் இருக்கும் பெரியநாயகியம்மன் கோயிலில் ஏறுகிறது. பத்து நாள் திருவிழா. கிரிவீதியில் நின்று நான் பார்த்த காவடிகளில் பெரும்பாலானவை சிறியவை. தோளில் ஒரு தண்டு, மேலே வளைவு, மயில்தோகை, இரண்டு பக்கமும் பாலோ பன்னீரோ சர்க்கரையோ தீர்த்தமோ. பத்துமலையில் ஆள் உயரத்துக்கு மேல் எழும்பும் ரதக் காவடிகளைப் பார்த்த கண்ணுக்கு இவை விளையாட்டுச் சாமான் போலத் தெரிந்தன. ஆனால் சுமந்து வந்தவர்களின் பாதங்களைப் பார்த்த பிறகு அப்படித் தோன்றவில்லை. அங்கே காவடியின் பாரம் தூரத்தில் இருந்தது.

இது என் சொந்த முடிவு: எங்கள் தோட்டத்து ஆட்களுக்கு அந்தத் தூரம் மறுக்கப்பட்டிருந்தது. ஏழு நாள் நடக்க யார் விடுவார்கள்? காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் அன்றைய கூலி இல்லை. நாள் கணக்கில் கால் சுமக்க வேண்டியதை ஒரே விடியலுக்குள் முதுகு சுமந்தது. கிராமத்திலிருந்து கொண்டுவந்த செடில் அதற்குக் கைகொடுத்தது. இதை ஆய்வேட்டில் எழுதினேன். இன்றும் அதில் மாற்றமில்லை.

பூசம் முடிந்ததும் ஊர் காலியானது. அப்பத்தா குழு கிளம்பிவிட்டது. நான் கோயில் நூலகத்துக்கும் ஆவினன்குடிக்கும் அலைந்துகொண்டு தங்கியிருந்தேன். நாலைந்து நாள் கழித்து, தங்கியிருந்த விடுதிக்காரர் காப்பி கொடுத்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார்: "இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டுப் போங்கம்மா. எடப்பாடிக் காவடி வருது."

தம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். "பூசம் முடிஞ்சுபோச்சே?"

"அவங்க பூசத்துக்கு அப்புறந்தாங்க வருவாங்க. பரம்பரை பரம்பரையா அப்படித்தான். ராத்திரி மலையிலயே தங்குவாங்க. வேற யாருக்கும் அந்த உரிமை கிடையாது."

அவர் சொன்னது ஆயாவின் வாக்கியம். ஒரு சொல் மாறவில்லை. பதினொரு வயதில் கப்பலேறிய ஒரு பெண், அறுபது வருடம் பழனியைப் பார்க்காமல், அதைப் பிசகில்லாமல் வைத்திருந்திருக்கிறார். நாங்கள்தான் அதை மறதி என்றோம்.

எடப்பாடிக் காவடிகள் வந்த அன்று மலைப்பாதை மறுபடி நிறைந்தது. பருவதராஜகுலத்தார் முன்னின்று நடத்தும் காவடி அது. பல நாள் நடந்து வந்த ஆண்கள், பெண்கள், இடுப்பில் குழந்தைகள். ஏறத்தாழ 690 படிகளையும் அவர்களோடு சேர்ந்து ஏறினேன். படி வழியில் இடும்பன் சந்நிதி வந்ததும் ஆயாவின் இலையும் சுருட்டும் ஞாபகம் வந்து கால் நின்றுவிட்டது. மலைமேல் அவர்கள் பஞ்சாமிர்தம் செய்துகொண்டிருந்தார்கள். டன் கணக்கில் வாழைப்பழம், பேரீச்சை, கற்கண்டு, நாட்டுச் சர்க்கரை, நெய். பழத்தோலும் ஏலக்காயும் கலந்த வாசனை பிரகாரம் முழுக்க.

பழம் உரித்துக்கொண்டிருந்த ஒரு மூதாட்டி அருகில் உட்கார்ந்தேன். வெற்றிலைச் சிவப்பு வாய். ஆயாவின் முழங்கை மாதிரியே உலர்ந்த முழங்கை.

"எந்த ஊரு கண்ணு?"

"மலேசியாங்க. எங்க ஆயா எடப்பாடிப் பக்கம். சின்ன வயசுல இந்தக் காவடியோட வந்திருக்காங்க."

அவர் முகம் மலர்ந்தது. பக்கத்தில் இருந்தவர்களைக் கூப்பிட்டார். நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். "நம்ம ஊருப் புள்ளயாம்!" பிறகு கேட்டார்: "எடப்பாடிப் பக்கம்னா எந்த ஊரு? யாரு வூடு? எந்தக் குழுவோட வந்தாங்க? சொல்லு, ஆளுங்க எல்லாம் இங்கதான் இருக்காங்க, இப்பவே கேட்டுடலாம்."

எனக்குத் தெரியவில்லை. ஆயாவின் அப்பா பெயர் தெரியும். அந்தப் பெயரில் அங்கே பத்துப் பேர் இருந்தார்கள். ஊர்ப் பெயர் தெரியாது. வீட்டில் ஒருவரும் ஒருநாளும் கேட்டதில்லை. ஆய்வுக்காக அறுபது எழுபது பேரிடம் வினாப்பட்டியலோடு போய் உட்கார்ந்த நான், என் வீட்டுத் திண்ணையில் இருபது வருடம் உட்கார்ந்திருந்தவரிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை.

மூதாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார். "பரவால்ல கண்ணு. வந்துட்டல்ல" என்றார். ஓலைத் தொன்னையில் பஞ்சாமிர்தம் வைத்துக் கொடுத்தார். இருட்டியதும் மற்றவர்கள் எல்லோரும் இறங்க வேண்டும் என்று அறிவித்தார்கள். அந்த இரவு அவர்களுக்குரியது. ஊர்ப் பெயர் தெரிந்திருந்தால் அவர்களில் ஒருத்தியாக எங்கள் ஆயா படுத்த கல்லில் நானும் படுத்திருக்கலாம். படியிறங்கும்போது திரும்பிப் பார்த்தேன். மேலே விளக்கெல்லாம் எரிந்தது. பாட்டுச் சத்தம் அடிவாரம் வரை கேட்டது.

ஊருக்குத் திரும்பி அப்பாவைக் கேட்டேன், அத்தையைக் கேட்டேன், தோட்டத்தில் மிச்சமிருந்த இரண்டு கிழவர்களைத் தேடிப் போய்க் கேட்டேன். தோட்டத்தில் ரப்பர் போய்ச் செம்பனை வந்திருந்தது, லயத்தை இடித்திருந்தார்கள். ஆயாவின் சிவப்பு அடையாள அட்டையில் பிறந்த இடம் இந்தியா என்று மட்டும் இருந்தது. பிரிக்பீல்ட்ஸில் அத்தை இருந்த குவார்ட்டர்ஸும் பின்னாளில் போய்விட்டது. பத்துமலை அடிவாரத்தில் 2006இல் 140 அடி முருகன் எழுந்தார். 2008இல் கோலாலம்பூருக்கும் தைப்பூசம் பொது விடுமுறை என்று அறிவித்தார்கள். 2018இல் படிகளுக்கு வண்ணம் பூசினார்கள். ஆயாவின் ஊர்ப் பெயர் மட்டும் கிடைக்கவில்லை.

ஒவ்வொரு வருடமும் பூசம் கழிந்து, பழனியில் எடப்பாடிக் காவடி ஏறும் நாளை விசாரித்து அறிந்து, அன்று கிள்ளானில் எங்கள் வீட்டில் பஞ்சாமிர்தம் செய்கிறோம். பேரப்பிள்ளைகள் பழம் உரிப்பார்கள். அன்றிரவு எல்லோரும் கூடத்தில் தரையில் படுத்துக்கொள்கிறோம்.

இதைப் படிக்கும் உங்கள் வீட்டில் எண்பது வயதில் ஒருவர் இருந்தால், இந்தத் தைக்கு முன் அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். எந்த ஊர், யார் வீடு, எந்தச் சாமிக்கு, எந்த நாளில் காவடி எடுத்தார்கள் என்று கேளுங்கள். அவர் சொல்வது உங்களுக்குத் தெரிந்த வழக்கத்தோடு பொருந்தாவிட்டாலும் திருத்தாதீர்கள். சொன்னபடியே, தேதி போட்டு எழுதி வையுங்கள்.